தலையாரி நோட்டும் காலி நாற்காலியும்

2018 நவம்பர் 15, வியாழக்கிழமை. சாயங்காலம் நாலரை மணி இருக்கும். வேதாரண்யத்துக்கு உள்ளடங்கிய எங்கள் ஊரில் வானம் மூடிக்கிடந்தது, ஆனால் காற்றே இல்லை. தென்னை ஓலை ஒன்றுகூட அசையவில்லை. எங்கள் வீட்டுத் திண்ணையில் ஊருக்குப் புதிதாக வந்திருந்த கிராம நிர்வாக அலுவலர் உட்கார்ந்திருந்தார். இருபத்தைந்து, இருபத்தாறு வயதுப் பெண். தேர்வு எழுதித் தேறி, வேறு மாவட்டத்திலிருந்து வந்து சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. கையில் தாலுகா ஆபீஸில் கொடுத்தனுப்பிய படிவம். கஜா புயல் கரையைக் கடக்கப் போகிறது; இரவுக்குள் முகாமுக்கு அழைத்து வரவேண்டியவர்கள் எத்தனை பேர் என்று அதில் எழுத வேண்டும்.

"ஐயா, உங்ககிட்ட ஒரு நோட்டு இருக்குன்னு சொன்னாங்க" என்றார் அப்பாவிடம்.

அப்பா முப்பத்தோரு வருடம் இந்த ஊர்த் தலையாரி. அரசாங்கப் பெயர் கிராம உதவியாளர். ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் அந்த நோட்டை அவர் எழுதிக்கொண்டுதான் இருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் நாற்பது பக்க நோட்டு. தெருவாரியாக வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரே ஒன்றிரண்டு வார்த்தை மட்டும்: 'படுக்கை'. 'நிறைமாசம், தை'. 'காது கேட்காது, தட்டினா போதாது, உள்ளே போகணும்'. 'சுவர் ஊறியிருக்கு'. 'நாய் கடிக்கும்'. கடைசிப் பக்கத்தில் தனியாக ஒரு பட்டியல்: டிராக்டர் யார் யாரிடம், மரம் அறுக்கும் மிஷின் யாரிடம், நீச்சல் தெரிந்த பையன்கள் யார் யார், வெளியூர் போயிருக்கிறார்களா உள்ளூரில் இருக்கிறார்களா.

அந்தப் பெண் நோட்டைப் பார்த்தபடியே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் தன் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "எந்தத் தெருவிலேர்ந்து ஆரம்பிக்கலாம் ஐயா?" என்று கேட்டார்.

"தெருவிலேர்ந்து ஆரம்பிக்காதீங்கம்மா. வர மாட்டேன்னு சொல்றவங்க வீட்டிலேர்ந்து ஆரம்பிங்க. வர்றவங்க தானா வந்துடுவாங்க. மத்தவங்களை இருட்டுறதுக்குள்ள கிளப்பியாகணும்."

அப்பா சொன்ன முதல் வீடு கீழத்தெருக் கடைசியில் இருந்தது. எண்பது வயதுக் கிழவி, தனியாக இருப்பவர், ஒரு பசுவும் நாலு ஆடும். நானும் கூடப் போனேன். முகாமுக்கு வாருங்கள் என்று நாங்கள் சொன்னபோது அவர் எங்களைப் பார்க்கவே இல்லை, மாட்டைத்தான் பார்த்தார். "இதை யாரு பாக்குறது?" அதற்கு அரசாங்கப் படிவத்தில் இடம் கிடையாது. புதிய தலையாரித் தம்பி கயிற்றை அவிழ்த்து, மாட்டை மேட்டுத் தெருவில் இருந்த மாடி வீட்டுத் தாழ்வாரத்தில் கொண்டுபோய் விட்டு, ஆடுகளையும் அங்கேயே ஓட்டிவிட்டுத் திரும்பி வந்து, "கட்டாம விட்டுருக்கேன் ஆயா, தண்ணி ஏறினா அதுவா மேட்டுக்குப் போயிடும்" என்று சொன்ன பிறகுதான் அவர் பித்தளைச் செம்பை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அந்த ஒரு வீட்டுக்கு நாற்பது நிமிஷம் ஆனது. நாற்பது நிமிஷமும் சரியாகச் செலவழிந்த நேரம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். விடிந்து பார்த்தபோது அந்தக் குடிசை இருந்த இடத்தில் அடுப்புக்கல் மட்டும்தான் கிடந்தது.

கஜா வருவதற்கு முன்னால் நடந்த வேலையைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அன்றைக்கு எச்சரிக்கை என்று ஒன்று கிடையாது, ஏற்பாடு என்று ஒன்று கிடையாது. அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் 2005-இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. கடலோரத்தில் தூண் வைத்து உயர்த்திக் கட்டிய பல்நோக்கு மையங்கள் வந்தன. மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 என்ற எண் வந்தது. வருடா வருடம் ஐப்பசி மழைக்கு முன்னால் ஆட்சியர் தலைமையில் கூட்டம் போட்டு, தாழ்வான பகுதிகளைக் கணக்கெடுத்து, மணல் மூட்டையும் சவுக்குக் கட்டையும் இருப்பு வைக்கும் பழக்கம் வந்தது. ஆட்சியரிடமிருந்து கோட்டாட்சியர், அவரிடமிருந்து தாசில்தார், வருவாய் ஆய்வாளர், வி.ஏ.ஓ., தலையாரி என்று ஏணிப்படி மாதிரி உத்தரவு இறங்கும். கஜாவின்போது அந்த ஏணி உடையாமல் இருந்தது. கரையைக் கடக்கும் முன்பே 80,000-க்கும் மேற்பட்டவர்கள் முகாம்களுக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். அன்று எதிர்க்கட்சித் தலைவராக இருந்த மு.க. ஸ்டாலினே அரசின் முன்னேற்பாட்டைப் பாராட்டினார். அந்தப் பாராட்டு நியாயமானது. ஏணியின் கடைசிப் படியில் நின்ற தலையாரித் தம்பிக்கு அதில் பாதியாவது சேரவேண்டும்.

அந்த ராத்திரியைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். நள்ளிரவு தாண்டிக் காற்று வடக்கிலிருந்து அடித்துக்கொண்டே இருந்தது, திடீரென்று அடங்கியது. முகாமாக இருந்த பள்ளிக்கூடத்துக்குள் இருந்தவர்கள் முடிந்துவிட்டது என்று நினைத்து எழுந்தார்கள். வீட்டைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று நாலைந்து பேர் வாசலுக்கே போய்விட்டார்கள். அப்பா கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டார். 77 புயலைப் பார்த்தவர் அவர். புயலின் நடு இப்போது தலைக்கு மேலே இருக்கிறது, இனி எதிர்ப்பக்கத்திலிருந்து அடிக்கும் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே தெற்கிலிருந்து காற்று புறப்பட்டது. முதல் காற்றில் சாய்ந்து நின்ற மரங்களை எல்லாம் இரண்டாவது காற்றுதான் முறித்துப் போட்டது. அதிராம்பட்டினத்தில் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேல் வேகம் பதிவானதாக அப்புறம் படித்தேன்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்த ஒருவருக்கும் காயம்கூட இல்லை.

மறுநாள் காலையிலிருந்து வேறு கதை.

டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்கள் விழுந்தன. எங்கள் ஊருக்குள் வரும் மூன்று கிலோமீட்டர் சாலையில் கம்பமும் மரமும் மாறி மாறிக் கிடந்தன. அப்பா நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்து மரம் அறுக்கும் மிஷின் வைத்திருந்த இரண்டு பேரைக் கூப்பிட்டு அனுப்பினோம். இரண்டு நாளில் ஊர்ப் பையன்களே டிராக்டர் போகிற அளவுக்கு வழி எடுத்துவிட்டார்கள். சரி, வழி கிடைத்தது. தண்ணீர்?

எங்கள் பகுதியில் நிலத்தடி நீர் உப்பு. கொள்ளிடம் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் தண்ணீர்தான் குடிக்க. அது குழாயில் வந்து, தரைத்தொட்டியில் விழுந்து, மோட்டார் போட்டு மேல்நிலைத் தொட்டிக்கு ஏறி, அங்கிருந்துதான் தெருக்குழாய்க்கு வரவேண்டும். மின்சாரம் இல்லையென்றால் எந்த இடத்திலும் நகராது. ஊராட்சியின் டேங்க் ஆப்பரேட்டர் தொட்டிக்குக் கீழேயே உட்கார்ந்திருந்தார். வருகிற போகிறவர்கள் எல்லோரும் அவரைத்தான் திட்டினார்கள். தரைத்தொட்டியில் அரைத்தொட்டித் தண்ணீர் இருந்தது. மேலே ஏற்ற ஒரு ஜெனரேட்டர் போதும். பக்கத்து டவுனில் கல்யாணப் பந்தல் போடுகிறவரிடம் ஜெனரேட்டர் இருந்தது. வாடகையும் டீசலும் யார் கொடுப்பது? யார் கையெழுத்துப் போடுவது?

நான் இந்தக் கட்டுரையை எழுதுவதே இந்த ஒரு கேள்விக்காகத்தான்.

அன்றைக்கு எங்கள் ஊராட்சிக்குத் தலைவர் கிடையாது. எங்கள் ஊராட்சிக்கு மட்டுமல்ல, தமிழ்நாட்டின் 12,524 கிராம ஊராட்சிகளில் ஒன்றுக்கும் கிடையாது. 2016 அக்டோபரில் நடக்கவேண்டிய உள்ளாட்சித் தேர்தலை, இட ஒதுக்கீடு சரியாகச் செய்யப்படவில்லை என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த மாதமே பழைய தலைவர்களின் பதவிக்காலம் முடிந்தது. வட்டார வளர்ச்சி அலுவலர்களைத் தனி அலுவலர்களாகப் போட்டார்கள். சில மாதத்துக்கு என்று போட்டது நீண்டுகொண்டே போய், கஜா வந்தபோது இரண்டு வருடம் தாண்டியிருந்தது. ஒன்றியம் முழுக்க உள்ள ஊராட்சிகளுக்கு ஒரே தனி அலுவலர். அந்த வாரம் அவர் எங்கே இருந்தார், எத்தனை ஊரில் எத்தனை பேர் அவரைச் சூழ்ந்து நின்றார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர் கெட்டவரும் அல்ல. ஒரு ஆள் ஒரே நேரத்தில் முப்பது ஊர்த் தொட்டிக்குக் கீழே நிற்க முடியாது, அவ்வளவுதான். தேர்தல் நடக்காததால் மத்திய நிதிக்குழு மானியமும் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. ஆளும் இல்லை, காசும் இல்லை.

பிறகு ஒருநாள் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தை எடுத்து வைத்துப் படித்தேன். 25-ஆம் பிரிவு மாவட்ட ஆணையத்தைப் பற்றியது. ஆட்சியர் தலைவர். உள்ளாட்சியின் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதி இணைத் தலைவர். அதாவது சட்டம் போட்டவர்களே மேசைக்கு இரண்டு நாற்காலி போட்டிருக்கிறார்கள். ஒன்று மேலிருந்து உத்தரவு கொண்டுவருகிறவருக்கு, இன்னொன்று கீழே என்ன நடக்கிறது என்று சொல்லக்கூடியவருக்கு. 41-ஆம் பிரிவு, உள்ளாட்சி தன் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பொருள்களைத் தயாராக வைத்திருக்கவேண்டும் என்கிறது. 2018 நவம்பரில் அந்த இரண்டாவது நாற்காலி நாகையில் காலி. தஞ்சாவூர், திருவாரூர், புதுக்கோட்டை, எல்லா இடத்திலும் காலி.

வெளியேற்றுகிற வேலை நன்றாக நடந்ததற்கும், அடுத்த நாளிலிருந்து எல்லாம் தடுமாறியதற்கும் காரணம் இதுதான் என்பது என் கணிப்பு. ஆட்களைக் கிளப்புவதற்கு உத்தரவு போதும். உத்தரவு ஏணியில் இறங்கிவிடும். ஜெனரேட்டருக்கு டீசல் போடுவதற்கு, தார்ப்பாய் எந்தத் தெருவுக்கு முதலில் என்று தீர்மானிப்பதற்கு, ஊருக்குப் பதில் சொல்லவேண்டிய ஒருவர் அங்கேயே நிற்கவேண்டும். அது ஏணியில் ஏறிப்போய்க் கையெழுத்து வாங்கி இறங்கி வரும்வரை தண்ணீர்த் தாகம் பொறுக்காது.

எங்கள் ஊரில் நான்காம் நாள் ஜெனரேட்டர் வந்தது. ஊரில் வசூல் செய்த பணம். அதை டிராக்டர் பெட்டியில் ஏற்றி, எங்கள் தொட்டிக்கு இரண்டு மணி நேரம், அடுத்த ஊர்த் தொட்டிக்கு இரண்டு மணி நேரம் என்று முறை வைத்து ஓட்டினோம். முதல் தடவை தெருக்குழாயில் தண்ணீர் வந்தபோது காற்றுத் தள்ளிக்கொண்டு புஸ்ஸென்று செம்மண் நிறத்தில் வந்தது. அது தெளியட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை. குடத்தில் பிடித்துத் தெளியவைத்துக் குடித்தார்கள். அரசாங்க ஜெனரேட்டர் எட்டாம் நாள் வந்தது.

நிவாரண லாரிகளின் கதையும் இதேதான். தமிழ்நாட்டின் நாலா பக்கத்திலிருந்தும் ஜனங்கள் அனுப்பினார்கள், அரிசியும் பாயும் போர்வையும் பிஸ்கட்டும் நாப்கினுமாக. அனுப்பியவர்களை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிறையும். ஆனால் லாரி கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு இறங்கவில்லை. மெயின் ரோட்டை ஒட்டிய ஊர்க்காரர்கள் மறித்து நின்றார்கள். அவர்களும் எல்லாம் இழந்தவர்கள்தான், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. சில இடத்தில் ஒரே வீட்டில் ஆறு போர்வை சேர்ந்தது. மூன்று கிலோமீட்டர் உள்ளே, காலனியில், கைக்குழந்தையை ஈரச்சேலையில் சுற்றி வைத்திருந்தார்கள். எந்த ஊருக்கு என்ன வேண்டும், எந்த ஊருக்கு எது போதும் என்று லாரிக்காரரிடம் சொல்ல ஒருவரும் இல்லை. அப்பா அந்த நோட்டில் ஒரு தாளைக் கிழித்து 'காலனி 42 வீடு, பாய் வேணாம், தார்ப்பாய், பால் பவுடர்' என்று எழுதி என்னிடம் கொடுத்து மெயின் ரோட்டில் நிற்கச் சொன்னார். நின்றேன். ஆறாவது லாரி உள்ளே வந்தது. டிரைவர் கரூர்க்காரர். "யாராச்சும் ஒருத்தர் இப்படிச் சொன்னா எங்களுக்கும் நல்லாருக்குமே தம்பி" என்றார்.

மின்வாரிய ஊழியர்களைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. வெளி மாவட்டங்களிலிருந்து வந்தார்கள், கேரளத்திலிருந்தும் வந்தார்கள். நடவு முடிந்த வயலில் இடுப்பளவுத் தண்ணீரில் கம்பத்தைத் தோளில் வைத்துப் பத்துப் பேர் நடந்து போனதை நான் பார்த்தேன். முன்னால் போகிறவர் காலை எடுத்து வைத்த இடத்தில் சேறு இழுத்துக்கொண்டால் பின்னால் ஒன்பது பேரும் அப்படியே நிற்பார்கள், அவர் காலை உருவும்வரை. ராத்திரி அதே பள்ளிக்கூடத்தில்தான் படுத்தார்கள். எங்கள் தெருவில் விளக்கு எரிந்தது முப்பத்தி நாலாம் நாள். அவர்களுக்கு ஊர்ப் பெண்கள் முறைபோட்டுச் சோறு ஆக்கினார்கள். இதற்கும் எந்தப் படிவத்திலும் இடம் கிடையாது.

அப்புறம் கணக்கெடுப்பு. விழுந்த தென்னைக்கு 600 ரூபாய், அதை வெட்டி அப்புறப்படுத்த 500, ஹெக்டேருக்கு 175 மரம் என்று வைத்து 1,92,500 ரூபாய் என்று அரசு அறிவித்தது. இருபத்தைந்து வருடம் காய்த்த மரத்துக்கு 1,100 ரூபாய் போதுமா என்பதை இங்கே பேசவில்லை. வி.ஏ.ஓ.வும் தோட்டக்கலைத் துறை ஆளும் தோப்புத் தோப்பாகப் போனார்கள். மரத்தின் மேல் மரம் விழுந்து கிடக்க, அடியில் கிடப்பதை எண்ண முடியவில்லை. மேலே ஏறி நடந்து, தூரை வைத்து எண்ணினார்கள். குத்தகைக்காரருக்கா, பட்டாதாரருக்கா என்ற தகராறு ஒவ்வொரு தோப்பிலும். பட்டா சென்னையில் இருக்கிறவர் பெயரில் இருக்கும். தண்ணீர் பாய்ச்சியவர் தோப்பில் அழுதுகொண்டு நிற்பார். இந்த ஊரில் எந்தத் தோப்பை யார் பயிர் செய்கிறார்கள் என்று அடங்கலில், அதாவது கிராமப் பயிர்க் கணக்கில், எழுதியிருப்பது ஒன்று, ஊருக்குத் தெரிந்தது ஒன்று. கிராமசபையைக் கூட்டி ஊரார் முன்னால் பட்டியலை வாசித்திருந்தால் பாதித் தகராறு அன்றைக்கே தீர்ந்திருக்கும். கூட்டித் தலைமை தாங்கத்தான் தலைவர் இல்லையே. மாதக்கணக்கில் மனு, மறியல், மறுபடி மனு.

2019 டிசம்பரில் ஒருவழியாக எங்கள் மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2020 நவம்பரில் நிவர் புயல் வந்தது. எங்கள் பக்கம் வரலாம் என்று முதலில் பயந்தோம், கடைசியில் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. அதில் எங்களுக்குப் பெரிய சேதமில்லை. அதற்கு அடுத்த வாரம் புரெவி பெய்து தள்ளியது. நான் சொல்ல வந்தது சேதத்தைப் பற்றி அல்ல. நிவருக்கு இரண்டு நாள் முன்னால் எங்கள் ஊராட்சித் தலைவர், முதன்முதலாகத் தேர்தலில் நின்று ஜெயித்த பெண், டேங்க் ஆப்பரேட்டரைக் கூட்டிக்கொண்டு தொட்டியடிக்குப் போனார். தொட்டியை முழுக்க ஏற்றி வைக்கச் சொன்னார். ஜெனரேட்டர் ஒன்றை வாடகைக்குப் பேசி, புயலுக்கு முந்தின நாளே கொண்டுவந்து தொட்டிக்குப் பக்கத்திலேயே இறக்கி, மோட்டாரோடு இணைத்து ஐந்து நிமிஷம் ஓட்டிப் பார்த்தார். ஓடியது. அவ்வளவுதான் செய்தார். கஜாவில் நாலு நாள் தவித்த ஊருக்கு அந்த ஐந்து நிமிஷ மோட்டார்ச் சத்தம் என்ன நிம்மதி கொடுத்தது என்று சொல்லிப் புரியவைக்க முடியாது. பெண்கள் குடத்தோடு வந்து சும்மா நின்று கேட்டார்கள்.

அவருக்குப் பேரிடர் மேலாண்மைப் பயிற்சி என்று யாரும் கொடுத்திருக்கவில்லை. கஜாவின்போது அவரும் குடத்தோடு வரிசையில் நின்றவர். அதுதான் அவர் பயிற்சி.

கேரளத்தில் 2018 வெள்ளத்துக்குப் பிறகு ஒரு நல்ல காரியம் செய்தார்கள். 941 கிராம ஊராட்சிகளும் தங்களுக்கென்று தனித்தனியே பேரிடர்த் திட்டம் எழுதவேண்டும் என்று முடிவெடுத்து, வார்டு வார்டாக மக்களை உட்காரவைத்து எழுதினார்கள். எங்கே தண்ணீர் ஏறும், எந்த வீட்டில் படுக்கையில் இருப்பவர் இருக்கிறார், யாரிடம் படகு இருக்கிறது என்பதெல்லாம் அதில் வரவேண்டும். படித்தபோது எனக்கு அப்பாவின் நாற்பது பக்க நோட்டுதான் ஞாபகம் வந்தது. இங்கே அது ஒரு ஓய்வுபெற்ற மனிதரின் பழக்கமாக இருந்தது, அங்கே ஊராட்சியின் வேலையாகிவிட்டது.

2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு எங்கள் ஊராட்சித் தலைவரின் பதவிக்காலம் முடிந்தது. அன்றைக்குப் பதவிக்காலம் முடிந்த மற்ற மாவட்டங்களின் கிராம ஊராட்சிகளைப் போலவே எங்கள் ஊரும் மறுபடி தனி அலுவலர் கைக்குப் போனது. எனக்கு அதைக் கேட்டபோது வயிற்றைப் பிசைந்தது. தேர்தலைத் தள்ளிப்போடுகிறவர்களுக்கு வார்டு வரையறை, இட ஒதுக்கீடு என்று காரணங்கள் இருக்கும், அவை உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் வங்காள விரிகுடா வார்டு வரையறை முடியட்டும் என்று நிற்காது. பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் இல்லையென்றால் ஊரே கொதிக்கிறது. ஊராட்சிக்குத் தலைவர் இல்லையென்றால் அதை ஒரு குறையாகவே யாரும் எண்ணுவதில்லையே, ஏன்?

அப்பா 2022-இல் இறந்தார். அந்த வருடம்தான் கிராமங்களில் தண்டோரா போடுவதை நிறுத்தச் சொல்லித் தலைமைச் செயலர் கடிதம் அனுப்பியிருந்தார். அப்பா அதைப் பேப்பரில் படிக்கச் சொல்லிக் கேட்டு, நல்லது என்றார். எச்சரிக்கை சொல்லித் தெருத்தெருவாகப் பறை அடித்தவரை வாசலுக்குள் விடாத தெருக்களை அவர் பார்த்திருக்கிறார். இப்போது ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்கிறார்கள். ஆனால் காது கேட்காத கீழத்தெருக்காரருக்கு மைக்கும் கேட்காது.

நோட்டு என்னிடம் இருக்கிறது. போன புரட்டாசியில் புதிதாக ஒரு நோட்டு வாங்கித் திருத்தி எழுத ஆரம்பித்தேன். அப்பா எழுதியதில் பாதி இப்போது செல்லாது. 'நிறைமாசம்' என்று இருந்த வீட்டில் பையன் பள்ளிக்கூடம் போகிறான். 'சுவர் ஊறியிருக்கு' என்ற வீடு கான்கிரீட் ஆகிவிட்டது. எங்கள் ஒரு தெருவில் மட்டும், பிள்ளைகள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட, வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடு ஆறு. அப்பா கணக்கில் ஒன்றுதான் இருந்தது. நீச்சல் தெரிந்த பையன்கள் பட்டியலில் உள்ளூரில் இருப்பவர்கள் இரண்டே பேர்.

மூன்று தெரு முடித்து, நோட்டை ஊராட்சி அலுவலகத்துக்கு எடுத்துப் போனேன். செயலர் எனக்குத் தெரிந்த அண்ணன்தான். பொறுமையாகப் புரட்டிப் பார்த்தார். கடைசிப் பக்கத்தில் ஜெனரேட்டர் என்று எழுதி எதிரே பந்தல்காரரின் நம்பர் போட்டிருந்தேன். அதற்குப் பக்கத்தில் 'டீசல்' என்று எழுதி இடம் விட்டிருந்தேன்.

"இதுக்கு யார் பேரு போடுறது?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "தனி அலுவலர்கிட்ட கேட்டுச் சொல்றேன் தம்பி" என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து ஃபைலில் வைத்துக்கொண்டார். நான் மீதித் தெருக்களை எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.